உமது குடல்வாலின் நீலம்

"கீழ இருக்கிறது அக்கா, அங்கிள். மேல இருக்கிறது நீங்கள்."

ஆய்வுகூடத்தில் உமது இடத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளை நேற்று இப்படித்தான் சொன்னாள். அவள் கையில் ஒரு கண்ணாடித் தகடு. அதில் நகக்கண் அளவில் இரண்டு துணுக்குகள். மேலே உள்ளது, சத்திரசிகிச்சைக்குப் பின் எனக்கு எஞ்சியிருக்கும் இரைப்பையிலிருந்து போன கிழமை கிள்ளி எடுத்தது. கீழே உள்ளது உமது குடல்வால். நோய் திரும்பியிருக்கிறதா இல்லையா என்பது அந்தத் தகட்டில் இருந்தது. அவள் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டு எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

நான் உடனே குனியவில்லை. அறையில் வினாகிரி மணம் அடித்தது. நீலச் சாயத்தைக் கரைக்கும் அமிலத்தின் மணம். அந்த மணத்தோடுதான் நீர் முதன்முதலாக எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் வந்தீர்.

அன்று காலை என் கட்டுரை வெளியாகியிருந்தது. இரைப்பைத் துணுக்குக்குச் சாயமிட்டு, சிவந்தால் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கிறார்கள் என எழுதியிருந்தேன். ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நின்று கேட்டீர்.

"உதை எழுதின ஆள் ஆர்?"

"நான்தான்."

"சிவந்தால் புற்றுநோயோ? அப்ப உமக்கும் புற்றுநோய், எனக்கும் புற்றுநோய், உள்ளுக்கை இருக்கிற உம்மடை ஆசிரியருக்கும் புற்றுநோய். வாரும், ஸ்கூட்டரில ஏறும்."

ஒரு பெண்ணின் பின்னால் ஏற வெட்கப்பட்டு என் சைக்கிளில் வந்தேன். ஆய்வுகூடத்தில் நீர் எனக்கு ஆரோக்கியமான ஓர் இரைப்பையின் துணுக்கைக் காட்டினீர். தன் அமிலம் தன்னையே அரிக்காதபடி இரைப்பையின் உட்சுவரில் உள்ள உயிர்க்கலங்கள் சளியைச் சுரக்கின்றன. முதலில் நீலமும் பிறகு சிவப்புமாக இரண்டு சாயம் இட்டால், இரைப்பையின் சளி நீலத்தை ஏற்காது; பீற்றூட் வெட்டிய கை மாதிரிச் சிவக்கும். குடலின் சளியோ காக்கணம்பூ மாதிரி நீலம் பிடிக்கும்.

"இரைப்பையில நீலம் கண்டால்தான் யோசிக்கோணும். அதுவும் உடனே புற்றுநோய் எண்டில்லை. ஆர் வந்திருக்கினம், ஏன் வந்தவை எண்டு விசாரிக்கோணும். நீர் நிருபர்தானே, விசாரணை தெரியாதோ?"

மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போட்டேன். நமது நட்பு அந்தத் திருத்தத்தில் தொடங்கியது.

சாயமிடும்போதெல்லாம், நீலம் கட்டாயம் பிடிக்கும் என்று தெரிந்த ஒரு துணுக்கையும் அதே தகட்டில் சேர்த்து வைப்பீர். அதற்குக் கொன்ட்ரோல் என்று பெயர். உமக்குக் குடல்வால் வீங்கி வெட்டவேண்டி வந்தபோது, தள்ளுவண்டியில் படுத்தபடியே, "எறிஞ்சு போடாதையுங்கோ டொக்டர், அது எனக்கு வேணும்" என்றீராம். தோடம்பழத்தோடு பார்க்க வந்த எனக்கு நீரே சொன்னீர்.

"பாதிதான் பழுதாம். மற்றப் பாதி முதல்தரம். இனி ஆரிட்டையும் கேட்டுக்கொண்டு திரியத் தேவையில்லை. என்ரை சாமான், என்ரை சம்மதம்."

விடுப்பு முடிந்து வந்ததும் அதை வளையம் வளையமாக வெட்டி மெழுகுக் கட்டிகளில் பதித்து வைத்தீர். இந்தப் பட்டணத்தில் எத்தனையோ பேருடைய இரைப்பைக்குக் கீழே உமது குடல்வால் சாட்சியாக நின்றது. அதில் ஒன்று என்னுடையது.

அந்த நாளை நான் மறக்கவில்லை. என் துணுக்கில் நாலைந்து கலங்களைப் பார்த்து வைத்தியர் சந்தேகப்பட்டு, நிறமூட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். பழக்கத்தின் உரிமையில் நானே நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். எல்லாம் பீற்றூட் சிவப்பு. நீலம் ஒரு பொட்டும் இல்லை. மனைவிக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தேன்.

"போனை வையும்."

"சிவப்புத்தானே? நல்லதுதானே?"

"உம்மடையைப் பார்த்தது காணும். என்ரையைப் பாரும்."

தகட்டை நகர்த்தினீர். உமது குடல்வாலும் சிவப்பாகக் கிடந்தது.

"இது நீலமாய் இருக்கோணும். நீலம் பிடிக்கேல்லை. உமக்கு ஒண்டும் இல்லை எண்டு இந்தத் தகடு சொல்லேல்லை. தனக்குத் தெரியாது எண்டு சொல்லுது."

"ஒரு நாளாவது சந்தோசமாய் இருக்க விடுமன்."

"விசர்க்கதை கதையாதையும். நாளைக்கு வாரும்."

நீலச் சாயப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தீர். அடியில் மண்டி படிந்து சாயம் பழுதாகியிருந்தது. அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கத் தொடங்கினீர். அன்று வீடு போய் மனைவியிடம் "இன்னும் தெரியாது" என்று மட்டும் சொன்னேன். உம்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் உமது குடல்வால் ஆழ்ந்த நீலம். என் துணுக்கிலும், சிவப்புக்கு நடுவே, சளி நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய சில நீலக் கலங்கள், கல் பதித்த மோதிரங்கள் போல. நீர் உடனே வைத்தியரைக் கூப்பிட்டீர். ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்றார்கள். இரைப்பையில் ஒரு பகுதி போனது. நான் இருக்கிறேன்.

இந்த மாசியில் நீர் திடீரென்று போய்விட்டீர். கொழும்புத்துறையில் உமது பெட்டிமேல் மண் போட்டபோது, உம்மை முழுதாக அடக்கம் செய்யவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் உமது இடத்துக்கு வந்த பிள்ளைக்கும்தான் தெரியும். அழுகையை மீறி எனக்குப் பெருமையாக இருந்தது.

உம்மிடம் கற்றதை வைத்துத்தான் இப்போதும் தொழில் செய்கிறேன். "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால், நடந்திருந்தால் இவருக்குத் தெரிந்திருக்குமா என்று முதலில் விசாரிக்கிறேன். இதனால் சில செய்திகள் ஒரு நாள் பிந்துகின்றன. ஆசிரியர் ஏசுகிறார். பரவாயில்லை.

நேற்றுக் கடைசியில் குனிந்தேன். மேலே, என் பங்கில், ஓரம்வரை தேடியும் சிவப்புத்தான். வைத்தியரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றாள் அந்தப் பிள்ளை. கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. எடுக்கவில்லை. தகட்டைக் கீழே நகர்த்தச் சொன்னேன்.

நீர் நீலமாக இருந்தீர். அதன் பிறகுதான் வீட்டுக்குச் சொன்னேன்.