கடந்து சென்றன

நேற்று மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில், டயருக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஓடுகிற டோசர் ஒன்று சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. இப்போதிருக்கும் டிரைவர்களுக்கு டயர் வண்டிதான் பழக்கம். செயின் வண்டியைக் கிளப்பத் தெரிந்த ஆள் என்று என்னைத் தேடி வந்தார்கள். நான் வண்டியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது, முழங்கால் வலி வேறு. ஆனாலும் போனேன். சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் டீசலும் கிரீஸும் காய்ந்து கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. இரண்டு தடவை முன்னும் பின்னும் அசைத்து, ஒரு பக்கத்துச் செயினை மட்டும் பிரேக்கில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கரையேற்றினேன்.

இறங்கி வந்தபோது அங்கே வேலை செய்த ஒருவர் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினார். அவருடைய தூக்குச்சட்டி, மதியச் சோற்றோடு, செயின் தடத்தில் தகடாகக் கிடந்தது.

"ஏண்ணே, ஏறுனது தெரியலையா?" என்றார்.

"தெரியலையேப்பா. மேல உக்காந்தா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

சொல்லி முடித்ததும் நான் அந்தத் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வயசாகிவிட்டது என்று நினைத்து, நிழலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். வயசு இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் உண்மையான பதிலைச் சொன்னது நேற்றுத்தான். அதுவும் முகம் தெரியாத ஒரு ஆளிடம். நீ கண்மூடி மூன்று மாதம் ஆகிறது.

உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சில் இருந்தோம். உன்னை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏலே, இத்தாலி" என்பார்கள். நீயும் திரும்பிப் பார்ப்பாய். மலையடிவாரத்தில் உங்கள் ஊருக்கு வந்து கேட்டாலும் இத்தாலி வீடு என்றால்தான் வழி காட்டுவார்கள். ஏன் அந்தப் பேர் என்று நான் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். நீ விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை.

உன் தாத்தா, உன் அப்பா தாய் வயிற்றில் இருக்கும்போதே பட்டாளத்துக்குக் கப்பலேறியவர். இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், ஜெர்மன்காரர்களோடு நடந்த சண்டையில் காணாமல் போனார். காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது. போர் முடிந்த பிறகு, காணாமல் போனது எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. போடிப் பக்கத்துக்காரர் ஒருவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, கைதிகளை இத்தாலிக்கு ஏற்றிப் போன கப்பலில் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். 'மாதிரி' என்ற சொல்லை ஊர் விட்டுவிட்டது. அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், பிள்ளை குட்டி இருக்கிறது என்று கதை வளர்ந்தது. உன் அப்பா, தான் முகமே பார்க்காத ஒரு மனிதரால், இந்த வயசு வரைக்கும் ஓடிப்போனவன் மகனாக இருக்கிறார். கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும். உன் அப்பாவும் ஏற்றுவார், தன் அம்மாவுக்கு மட்டும். செத்தாரா என்று தெரியாதவருக்கு எப்படி ஏற்றுவது?

நீ அந்த ஊர்த் தபால் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தாய். "ஊரு பூரா கடுதாசி குடுக்குறேன்டா. எங்க வீட்டுக்கு வர வேண்டிய ஒண்ணுதான் வரமாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

கடிதத்தில் இருந்த அந்தத் தேதியில், அந்த இடத்தில், உன் தாத்தாவின் படைக்கு எதிரே நின்றது யார் என்று கண்டுபிடிக்க உனக்கு நாலு வருஷம் ஆனது. ஜெர்மனியின் டாங்கி ரெஜிமெண்ட் ஒன்று. அதில் உயிரோடு மிஞ்சியவர்கள் பிற்பாடு ஒன்றுசேர்ந்து தங்கள் ரெஜிமெண்டின் போர்க்கதையைத் தடித்த புத்தகமாகப் போட்டிருந்தார்கள். அந்த நாட்டில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரைப் பிடித்து அதை வரவழைத்தாய். பார்சல் வந்ததும் பிரிக்காமல் எனக்குப் போன் பண்ணினாய். "வாடா, நீ வந்தாத்தான் பிரிப்பேன்." நான் தேவாரத்துப் பக்கம் வேலையில் இருந்தேன். மண் ஒட்டிய சட்டையோடு வந்தேன்.

நமக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து அடிப்பாய். அது தமிழில் எதையாவது துப்பும். டாங்கி என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் தொட்டி என்றே வரும். தொட்டிகள் கப்பலில் ஏறின. தொட்டிகள் பாலைவனத்தில் சுட்டன. முதல் ஞாயிற்றுக்கிழமை சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலித்தது. கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உன் அப்பாகூடச் சிரித்தார்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பாலைவனத்துப் புழுதி ஏர் ஃபில்டரை அடைத்து இன்ஜின்கள் ஒவ்வொன்றாகச் செத்ததை அவர்கள் எழுதியிருந்தார்கள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது, கோடையில் நானும் அப்படி வண்டியை நிறுத்தியிருக்கிறேன். வெயிலில் செயினைக் கழற்றி மாட்டியது, இரும்பைத் தொட்டுக் கை வெந்தது, வயிற்றுக்கடுப்பில் ஆட்கள் சுருண்டது, ஊரிலிருந்து வந்த கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தது எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் போக இடமில்லாமல், மிஞ்சிய டாங்கிகளைத் தாங்களே வெடி வைத்து உடைத்துவிட்டுச் சரணடைந்திருந்தார்கள். புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர்களுடைய செத்தவர்களின் பட்டியல். பேர், பிறந்த ஊர், செத்த தேதி. நீ விரலை வைத்து ஒவ்வொரு பேராக இறக்கிக்கொண்டே போனாய்.

"இருவது வயசுடா. இது பத்தொம்பது. இவனுகளுக்கும் எவன் மேலயும் கோவம் இருந்திருக்காது" என்றாய். பிறகு, "ஆனா இவனுகளுக்குப் பேரு போட்டிருக்காக பாரு" என்றாய்.

உன் தாத்தா காணாமல் போன தேதிக்கு நாம் வந்து சேர்ந்தது ஒரு மாதம் கழித்து. பக்கம் முழுக்க டாங்கிகளுக்கு எண்ணெய் வந்து சேராத கவலைதான். நடுவில் இரண்டு வரி. நீ மூன்று முறை அடித்துப் பார்த்தாய். மூன்று முறையும் ஒன்றேதான் வந்தது.

'காலையில் தொட்டிகள் இந்தியர்களின் குழிகளைக் கடந்து சென்றன. குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.'

நீ அந்த இரண்டு வரியையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாய். அப்புறம் என் பக்கம் திரும்பினாய்.

"கடந்து சென்றனன்னா என்னடா அர்த்தம்? சுத்திப் போனாகளா, மேல ஏறிப் போனாகளா?"

"அதுல என்ன போட்டிருக்கோ, யாருக்குத் தெரியும்."

"சரி, டாங்கியும் செயினுலதான ஓடுது. நீ செயின் வண்டி ஓட்டுறவன். நீ சொல்லு. குழிக்குள்ள ஆளு இருந்தா ஓட்டுறவனுக்குத் தெரியுமா?"

எனக்கு பதில் தெரியும். பத்தொன்பது வயசிலிருந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தவன் நான். முன்னால் பத்தடிக்குத் தரையே கண்ணில் படாது. செயினுக்கு அடியில் எது போனாலும் அந்த எடையில், அந்த அதிர்வில், உடம்புக்கு ஒன்றும் எட்டாது. குழி மண் குழியாக இருந்தால் இரண்டு நொடியில் மூடிவிடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவோரத்தில் உன் அப்பா வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா" என்றேன். "ஒரு கல்லு ஏறுனாலே இடுப்புல தெரியும். ஆளுன்னா தெரியாமப் போகுமா? நிறுத்திருப்பான். கையத் தூக்கச் சொல்லிப் பிடிச்சிருப்பாக."

"அப்ப கைதியாத்தான் போயிருக்காரு."

"அப்பிடித்தான் இருக்கும்."

உன் முகம் எப்படி மாறியது தெரியுமா? அன்றைக்கே முப்பது வருஷமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அப்படி ஒரு தெளிச்சியை அன்றுதான் பார்த்தேன். ஊர் சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். கைதியாகப் போனது உண்மை, ஓடிப்போனது பொய். அதை நிரூபித்தால் போதும் என்றாய். அப்படித்தான் அந்தப் பதினோரு வருஷம் தொடங்கியது.

கைதி முகாம்களின் பட்டியல்களைத் தேடினாய். இத்தாலியில் இருக்கிற சர்ச்சுகளுக்கு எழுதினாய். கைதிக் கப்பல்களில் மூழ்கியவை எவை, கரை சேர்ந்தவை எவை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாய். மகள் கல்யாணத்தன்றுகூட ஏதோ ஒரு பதில் வந்ததா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ரெஜிமெண்டில் இருந்த ஒருவருடைய மகனின் விலாசம் கிடைத்து அவருக்கும் எழுதினாய். அவர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார். தன் அப்பா அந்தப் பாலைவனத்தைப் பற்றி வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, ஆனால் வீட்டுத் தோட்டத்தில் யாரையும் குழி வெட்ட விட்டதில்லை, ஏன் என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்று எழுதியிருந்தார். நீ அதைப் படித்துவிட்டு, "பாவம், என்னமோ நெனப்பு" என்று மடித்து வைத்தாய். நான் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீ புதிதாக ஒரு பட்டியலோடு வந்தாய்.

தேனி ஆஸ்பத்திரியில் உன் ஈரலைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கே தெரிந்திருந்தது. ஒரு சாயங்காலம், வார்டில் காபி கொண்டுவருகிற நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டாய். கையில் எலும்புதான் இருந்தது.

"அன்னைக்கு நீ மட்டும் அப்பிடிச் சொல்லலைன்னா நான் எப்பவோ விட்டுருப்பேன்டா. நீ சொன்னதப் பிடிச்சிக்கிட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்" என்றாய். நன்றியாகச் சொன்னாய்.

உண்மையைச் சொல்ல அதுதான் எனக்குக் கடைசியாகக் கிடைத்த நேரம். "காபி ஆறுது, குடி" என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரி அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தது. "நீங்களே வச்சிக்கங்கண்ணே. இது இனி இங்கன இருக்க வேணாம்" என்றது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பா உனக்கு மெழுகுவத்தி ஏற்றினார். காற்றில் நிற்காமல் அணைந்து அணைந்து போனது. நான் பக்கத்தில் நின்று கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் உனக்குமாக, எங்கள் முஸ்லிம் வழக்கப்படி ஒரு துஆ செய்தேன். சொல்ல வந்ததை அப்போதும் சொல்லவில்லை.

இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன். நேற்றைக்கு அப்புறம் தாங்க முடியவில்லை. உன் அப்பா அதே கதவோரம், அதே நாற்காலியில் இருந்தார். தரையில் உட்கார்ந்து, "ஐயா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. ஓட்டுறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தாத்தா அந்தக் குழியிலயே போயிருக்கணும்" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை.

"நீ சொல்றப்பயே தெரியும்ப்பா. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்ப ஏன்யா அவன்கிட்டச் சொல்லல?"

"அவன் மூஞ்சி அம்புட்டுத் தெளிஞ்சிருந்துச்சு. கெடுக்க மனசு வரல. நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன்." வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார். "எனக்காகத்தான் நீ அப்பிடிச் சொன்னேன்னு தெரியும். நான் தாங்கியிருப்பேன்ப்பா. பொறந்ததுல இருந்து தாங்குறவன்தான. அவன் விடிஞ்சா எந்திரிச்சுத் தேடுறதப் பாக்கத்தான் தாங்கல."

"தாத்தாவுக்கு ஒரு பூசை வைக்கச் சொல்லி சாமியார்ட்ட கேப்பமாய்யா?" என்றேன்.

"என்னன்னு சொல்லி வைக்க? எப்பிடித் தெரியும்னு ஊரு கேக்கும். புஸ்தகத்துல ரெண்டு வரி இருக்குன்னு சொல்லவா? அந்த ரெண்டு வரியிலயும் அவரு இல்லையே." எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். "போப்பா. வெயிலு ஏறுது. இனி தேடவும் ஆளில்ல, சொல்லவும் ஆளில்ல."

தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் யாரோ வெளியூர்க்காரருக்கு, "இத்தாலி வீட்டத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் காலையில் டாங்கி ஓட்டிப்போன ஜெர்மன் பையனை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவன் பேரும் அந்தப் பட்டியலில் எங்கேயோ இருக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குழிக்குள் ஆள் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. நான் சொன்ன பொய்க்குள் நீ இருந்தது எனக்குத் தெரியும்.