கை நிற்க ஒரு வாய்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். இரண்டு வருடமாக அந்த ஆவல் எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் விலாசத்தை எதிர்க்கடை இஸ்திரிக்காரர் கொடுத்தார். சொந்தமாகச் சலூன் வைத்திருந்த மனுஷன் ஏதோ லாட்ஜில் காவலுக்கு நிற்கிறார் என்று அவர் சொன்னதும் தெருவில் நின்றே அழுதுவிட்டேன். பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

பாப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பதறாதீர்கள், முழுவதும் படியுங்கள்.

பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிற வேலை அவளுக்கு. நாலு மாதமாக எழுத்து கோணுகிறது. க்ரீம் இளகிவிட்டது என்றாள், ஃபேன் காற்று என்றாள். போன மாதம் முதலாளியம்மா அவளைத் தனியே கூப்பிட்டு வாயை ஊதிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அப்பனைப் போலத்தானே இருப்பாய் என்றாளாம். இருபது வயதுப் பெண், பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஆசையாகக் குடித்தறியாதவள், ஊதிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

என் அண்ணன் வழக்கம்போல ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். ரத்தசோகையாம், டானிக் போதுமாம், கல்யாணம் ஆகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாதாம். உங்கள் விஷயத்திலும் அவர்தான் டாக்டர், அவர்தான் நீதிபதி. ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டது போதும் என்று பாப்பாவை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. நடுக்கத்துக்கு எத்தனையோ காரணம் இருக்கும் என்றார். தைராய்டு கூடினாலும், சர்க்கரை இறங்கினாலும், மூச்சிழுப்புக்குப் போடும் மருந்தாலும், அளவில்லாமல் காபி குடித்தாலும், பயத்தாலும்கூட நடுங்குமாம். ரத்தம் எடுக்கச் சொன்னார். தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். மடியில் சும்மா கிடந்த கை, டம்ளரைத் தூக்கியதும் ஆட ஆரம்பித்தது. உங்கள் கையும் கத்தியை எடுக்கும்போதுதானே ஆடும்.

ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இவள் அப்பாவுக்கு உண்டு, ஆனால் அது குடியால் வந்தது என்றேன்.

"குடிச்சா நடுக்கம் கூடுச்சா, குறைஞ்சுதா?" என்று கேட்டார்.

லோஷன் பாட்டிலில் நீங்கள் சாராயத்தை ஒளித்து வைத்திருந்ததை நான் கண்டுபிடித்த நாள் ஞாபகம் வந்தது. "ஒரு வாய் ஊத்துனாத்தான் கை நிக்குது" என்றீர்கள். "எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்றான்" என்றேன். பாதி சவரத்தில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அண்ணன் வந்து உங்கள் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் விலக்கவில்லை. கடைச் சாவியை வாங்கிக்கொண்டதும் நான்தான். அன்றைக்கு ஊரை விட்டுப் போனவர்தான் நீங்கள்.

குடும்பத்தில் வழிவழியாக வரும் நடுக்கம் ஒன்று உண்டாம். பாப்பாவுக்கு அதுதானாம். குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கி, பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்புமாம். நேரில் பார்க்காமல் உங்களுடையதும் அதுதான் என்று சொல்ல மாட்டாராம். அதுவாக இருந்தால் மாத்திரை இருக்கிறதாம். ஒரு மாத்திரைக்காகவா நாம் இவ்வளவும் பட்டோம்? கத்தியை மாற்றினீர்கள், நாற்காலியை மாற்றினீர்கள், கடைசியில் பாட்டிலை எடுத்தீர்கள். சவரம் செய்கிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று டாக்டரிடம் மட்டும் போகவில்லை. குடிகாரன் என்ற பெயர் அதைவிடத் தேவலையா?

உங்களை மட்டும் சொல்லி என்ன. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவள் நான். அண்ணனிடம் போனேன்.

பாப்பா தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறாள். அப்பா வந்து டாக்டரிடம் காட்டிக்கொள்ளட்டும், அப்புறம் நான் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரே பிடிவாதம். இந்த மாதம் முடிவதற்குள் கை சரியாகாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று பேக்கரியில் சொல்லிவிட்டார்கள்.

இப்போதும் தினமும் குடிக்கிறீர்களானால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவே உடம்பை உலுக்கிவிடுமாம். அங்கேயே ஒரு டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் சரி விடு என்பீர்கள். அவ்வளவு லேசாக என்னை விட்டுவிடாதீர்கள், வந்து நேரில் திட்டுங்கள்.

வரும்போது கையைப் பைக்குள் ஒளிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். சலூன் தெரு வழியாகவே வீட்டுக்கு நடப்போம். நடுங்கினால் நடுங்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக் கையெழுத்துப் போட இன்னும் உரிமை இருந்தால்,
உங்கள் மனைவி