ரஸ்குத் தூள் படாத சஹன்

என் செயினம்புக்கு, உன் மனிசனுடைய ஸலாம்.

இதை நான்தான் எழுதுகிறேன். மகளிடம் சொல்லி எழுதுவிக்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தேன். உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போய்விட்டது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு, எழுதிய பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிய கண்ணுக்கு, தமிழ் எழுத்து இந்த எழுபத்திரண்டு வயதில்தான் பிடிபட்டிருக்கிறது. வாசிகசாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். முதல் ஆளாகப் போய் முன் வாங்கில் இருந்தேன். சிரிக்கிறாயா?

ஏன் போனேன் தெரியுமா? நீ மௌத்தாகி என்னை விட்டுப் போன பிறகு எனக்குப் பக்கற்றுகளை வாசித்துச் சொல்ல ஆளில்லை. மகள் வேலைக்குப் போன ஒரு நாள், பசியில் ஏதோ சூப் பக்கற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு மூன்று நாள் பாயில் கிடந்தேன். இப்போது கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே வாசிக்கிறேன். 'கோதுமை' என்றால் பார்த்த உடனே தெரியும். 'வாற்கோதுமை'க்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். "காக்கா, கெதியா வாசிச்சி முடிங்க, கடையப் பூட்டணும்" என்கிறார் கடைக்காரத் தம்பி.

டொக்டர் 'சீலியாக்' என்று பெயர் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். கோதுமை ஒரு துணுக்குக்கூட இனி இந்த வயிற்றுக்குள் போகக் கூடாது, உயிர் உள்ளவரைக்கும் என்றார். மாவடிப்பள்ளி வட்டையில் நெல் செய்கிறவனுக்குக் கோதுமையோடு என்ன வேலை என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த நாளே பாண், பிஸ்கட், ரவை, சோயா சோஸ் எல்லாம் நம் அடுப்படியை விட்டுப் போயின. சுடுபாணைச் சம்பலில் தொட்டுத் தின்ன உனக்கு எவ்வளவு விருப்பம்! அதன் பிறகு நீ பாண் தின்று நான் காணவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை.

பெருநாளில் மட்டும் இந்த நோய் என்னை ஒன்றும் செய்யாது என்று பெருமை பேசித் திரிந்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் பகல் சாப்பாடு எப்போதும் உன் தம்பி அலியார் வீட்டில்தான். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகக் கை வைத்துத் தின்கிற சஹன். கட்லட்டை நான் தொடமாட்டேன், அதில் கோதுமை ரஸ்குத் தூள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்னமே கட்லட் தின்றுவிட்டு வந்த கைகள் எல்லாம் அந்தச் சோற்றுக்குள்தானே வரும்? அப்படியிருந்தும் ஒரு வருடமும் எனக்கு வயிறு நோகவில்லை. "பெருநாள் சோத்துல பரக்கத் இரிக்கி, அல்லாஹ்ட அருள் இரிக்கி" என்று ஊரெல்லாம் சொன்னேன்.

பிறகு அந்தப் பெருநாள் வந்தது. நீ இருந்த கடைசிப் பெருநாள்.

அலியாரின் மகளுக்குக் கலியாணமாகி இரண்டு மாதம். புதுமாப்பிள்ளை என் பக்கத்தில் இருந்தார். "மாமா, தின்னுங்க" என்று அன்பாக ஒரு கட்லட்டைப் பிய்த்துச் சோற்றின் மேல் தூவினார். நான் என் பக்கத்துச் சோற்றில் கை வைத்தேன். ஆண்கள் இருக்கும் இடத்துக்கு ஒருநாளும் வராத நீ, அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இஞ்சாருங்க, இந்தச் சஹன்ல தின்னாதீங்க. கைய எடுங்க."

ஐந்து பேரும் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் உன் கையைத் தட்டிவிட்டேன்.

"போகா அங்கால! ஆம்புளையள்ட சஹனுக்குள்ளயும் வந்துட்டியா? மனிசர சிரிக்க வைக்காத."

நீ அடுப்படிக்குத் திரும்பிப் போனாய். நான் வேண்டுமென்றே இன்னும் இரண்டு பிடி கூடுதலாகத் தின்றேன். அன்று பின்னேரமே வயிறு சொல்லிவிட்டது. நீ கஞ்சி காய்ச்சித் தந்தாய், வாளியைக் கழுவினாய். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் மாப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று எத்தனை நாள் கிடந்தேன்? மூன்றாம் மாதம், லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போன இடத்தில் நீ விழுந்தாய், பிறகு எழும்பவில்லை.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அலியார் கூப்பிட வந்தார். வயிறு சரியில்லை, வரவில்லை என்றேன். அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார்.

"மச்சான், ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. ஒவ்வொரு பெருநாளைக்கும் முதல் நாள் செயினம்பு ராத்தா எங்கட ஊட்ட வருவா. உங்கட சஹனுக்கு இறைச்சிய வேறச் சட்டியில ஆக்கச் சொல்லுவா. கட்லட்ட அந்தச் சஹனுக்குக் கொண்டுபோகாதீங்க, சோறு முடிஞ்ச மறுகா குடுங்க எண்டுவா. உங்களோட இரிக்கிற அஞ்சு பேருக்கிட்டயும் கை கழுவிப்போட்டு இரிங்க எண்டு கெஞ்சுவா. 'அவருக்குத் தெரியப்படாது, அவருக்கு வெக்கம்' எண்டுவா. அந்த வரிசம் புதுமாப்புளைக்குச் சொல்ல நாங்கதான் மறந்துட்டம்."

செயினம்பு! நான் பரக்கத் என்று சொல்லித் திரிந்தது நீ முதல் நாள் நடந்த நடையைத்தானா? இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படிப் போனாய்? கலியாண வீடுகளுக்குமா?

பெருநாளுக்கு முதல் நாள் நான் அலியார் வீட்டுக்கு நடந்தேன். நீ போன அதே ஒழுங்கையால். எல்லோரையும் கூப்பிட்டு, எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று என் வாயாலேயே சொன்னேன். ஒரு கடதாசியில் 'இந்தச் சஹனில் கோதுமை படக் கூடாது. கை கழுவிவிட்டு இருக்கவும். மீராலெவ்வை' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த நாள் அந்த மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினார். "மாமா, மூணு தரம் சவுக்காரம் போட்டுட்டன். இன்னம் கழுவினா ரேகையும் போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சோறு ருசியாகத்தான் இருந்தது. அதை உனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாதியில் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வருடா வருடம் அங்கே நின்றுதானே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்? நீ இருந்தபோது நான் ஒருமுறையாவது திரும்பியிருக்கக் கூடாதா?

இந்தக் கடிதத்தை அச்சில் போடலாமா என்று வகுப்பு ரீச்சர் கேட்டார். போடுங்கள் என்றேன். ஐந்து பேருக்கு முன்னால் உன் கையைத் தட்டினேன். மாப்பை அவர்களுக்குத் தெரியாமல் கேட்டால் சரியில்லை. செயினம்பு, என்னை மாப்புச் செய்.

இனி எந்தச் சஹனில் இருந்தாலும், முதல் பிடிக்கு முன்னம் என் நோயை நானே சொல்லுவேன். எனக்காக யாரும் ஒளித்துப் போய்க் கெஞ்ச வேண்டிவராது. இது உனக்கு நான் தருகிற வாக்கு, என் கையால் எழுதியது.

உன் கையைத் தட்டிவிட்ட உன் மனிசன்,
மீராலெவ்வை