'கொன்னுடுவேன்' என்ற சொல்லின் பொருள் குறித்து

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(பெயரைக் கடைசியில் எழுதுகிறேன்),
நியூ ஜெர்சி.

பெறுநர்:
திரு. கஸ்தூரிரங்கன் அவர்கள்,
உறுப்பினர், பள்ளிக் கல்வி வாரியம்.

பொருள்: தோழமைக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட மாணவி வெண்பாவை மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாரியத்தில் தமிழ் தெரிந்தவர் தாங்கள் ஒருவரே. இந்தச் சிக்கலுக்குக் காரணமும் ஒரு தமிழ்ச் சொல்தான். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

1. நான் சென்ற ஆகஸ்டில் காயல்பட்டினத்திலிருந்து வந்தேன். கஃபெட்டீரியாவில் எந்த மேசையில் உட்காரலாம் என்று தெரியாததால் மதிய உணவைக் கழிவறையில் சாப்பிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

2. புதியவர்களுக்கு மூத்த மாணவர்களைத் துணையாக அனுப்பும் தோழமைக் குழு எங்கள் பள்ளியில் உண்டு. எனக்குக் கிடைத்தவர் பதினோராம் வகுப்பு வெண்பா அக்கா. இங்கேயே பிறந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அவருடைய அம்மா திட்டும் தமிழ்தான். "ஏய் லூசு, இங்க என்ன பண்ற? எழுந்து வா" என்று என்னைத் தன் மேசைக்கு இழுத்துப்போனார். எனக்கு வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

3. நான் அவருக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். சென்ற வாரம் கணக்குத் தேர்வில் தோற்று மறுபடி ஒளிந்துகொண்டேன். அன்று மாலை பள்ளி மின்னஞ்சல் கணக்கிலிருந்து, முதல்முறையாகத் தமிழ் எழுத்தில், அக்கா செய்தி அனுப்பினார்: "நாளைக்கு லஞ்சுக்கு வரலன்னா கொன்னுடுவேன்." இரண்டு சுழி 'ன' எல்லாம் சரியாக இருந்தது. படித்துச் சிரித்தேன். பள்ளியின் கண்காணிப்புக் கணினியோ அதை ஆங்கிலமாக்கிக் கொலை மிரட்டல் என்று அறிவித்துவிட்டது. இதற்குமுன் ஆங்கில எழுத்தில் அவர் என்னைப் பலமுறை கொன்றிருக்கிறார். அப்போதெல்லாம் கணினிக்குப் புரியவில்லை.

4. அவர் அப்படி எழுதினாரா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆம் என்றேன். ஏன் எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவர் என்னிடம் பேசக்கூடாதாம். வியாழக்கிழமை விசாரணை.

5. விசா புதுப்பிக்கும் நேரத்தில் எந்த வம்பிலும் தலையிடாதே என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அதனால் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐயா, தங்கள் வீட்டிலும் யாராவது தங்களைக் கொல்வதாகச் சொல்லியிருப்பார்கள். பால் குடிக்காவிட்டால் என் உம்மா தினமும் சொல்கிறார். அந்நியரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. எனவே விசாரணையில் தாங்களே இச்சொல்லுக்குப் பொருள் கூறி, அக்காவைக் குழுவில் திரும்பச் சேர்க்க ஆவன செய்ய வேண்டுகிறேன். இம்மனுவையும் கணினியிடம் கொடுத்துவிட வேண்டாம்.

பெயரில்லாமல்தான் அனுப்ப நினைத்தேன். ஆனால் மிரட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பெண் நான்தான் என்று பிறகு எப்படி நம்புவார்கள்?

நாள்: 18.11.2025
இடம்: நியூ ஜெர்சி

இப்படிக்கு,
மெஹர் நிஷா,
வெண்பா அக்காவின் மேசையில் சாப்பிடுபவள்.