அம்மாவின் செருப்பில் நடந்த பேய்

மார்ச் 4, செவ்வாய்

அம்மா இன்றும் குளியலறைச் செருப்பைத் தேடினாள். அது எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அண்ணன் அறையில் ஈரத்துண்டுக்குள் சுருண்டு கிடக்கிறது.

அண்ணனுக்கு முதல் பட வேலை: பேய்க்குக் காலடிச் சத்தம் கொடுப்பது, அந்தச் செருப்பை ஈரத்துண்டில் சுற்றித் தரையில் தட்டி. அதுவும் எந்தப் பேய்? நானும் அவனும் ஒரே கன்ட்ரோலருக்கு அடித்துக்கொண்டு விளையாடிய 'ஈரக்கால்' கேமில் வரும் பேய். அதைப் படமாக எடுத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை ரிலீஸ். பேய்க்குக் கால் தரையில் பாவுகிறது, எனக்குப் பாவவில்லை.

மார்ச் 5

அப்பா சாப்பிடும்போது சொன்னது: "படம் வரட்டும். காது குடுத்துக் கேக்கற மாதிரி இருந்தா சரி. இல்லன்னா மாமாவோட டைல்ஸ் கடைல உக்காரணும்."

அண்ணன் தலையாட்டினான். சத்தம் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பாவம், அவர் அதை இத்தனை வருஷமாக இலவசமாகவே செய்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

ஐயோ.

கேமில் அந்தப் பேய் முகத்தைக் காட்டவே காட்டாது. இருட்டு வராந்தா, கையில் டார்ச், பின்னால் சளப்... சளப்... அவ்வளவுதான். பக்கத்தில் வந்தால் பட்டனை அழுத்தி மூச்சைப் பிடிக்க வேண்டும். கதவைத் திறப்பதும் நாம்தான், அதனால்தான் பயம். படத்தில் எல்லாக் கதவையும் கதாநாயகியே திறந்துவிடுகிறாள். திறக்குமுன் தோழிக்கு அறிவிப்பு வேறு. பேய்ப்படமா, பேச்சுப்படமா?

இடைவேளைக்கு முன்பே பேய் முகத்தைக் காட்டிவிட்டது. புருவம் திருத்தியிருந்தது. அதற்கு ஒரு சோகக்கதை, அந்தச் சோகக்கதைக்கு ஒரு பாட்டு.

அப்புறம் அண்ணனின் காட்சி. வராந்தாவில் பேய் நடந்து வருகிறது. கூடவே டிரம்ஸ், வயலின், இன்னும் என்னென்னவோ. பேண்டு வாத்தியக் குழுவையே அழைத்துக்கொண்டு வந்தது போலிருந்தது. காலடி? கேட்கவே இல்லை. நடுவில் கதாநாயகி வேறு புலம்பிக்கொண்டே இருந்தாள். தாங்காமல் கத்திவிட்டேன்: "அக்கா, அந்த பட்டன அழுத்துங்க. மூச்ச இல்ல, வாயப் பிடிங்க."

தியேட்டரே சிரித்தது. குண்டூசி (என் தோழி, ஆளும் அப்படித்தான்) சீட்டிலிருந்து வழுக்கி விழுந்தாள். அப்பாகூடச் சிரித்தார். பெருமையாக அண்ணன் பக்கம் திரும்பினேன்.

அவன் கட்டைவிரலால் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடிக்கிற பட்டனை அழுத்துவோமே, அந்த மாதிரி.

மார்ச் 8

அப்பா மாமாவுக்குப் போன் பண்ணிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் டைல்ஸ் கடையில்.

எனக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாய்?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் ஸாரி சொல்லப் போனேன். "உன் மேல கோவம் இல்லடி வாலு. நான் வெறும் நடைய மட்டும்தான் குடுத்தேன். அவங்க மேல டிரம்ஸக் கொட்டி மூடிட்டாங்க" என்று சொல்லி ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

பட்டப்பகல். ஜன்னல் திறந்திருக்கிறது. கீழே யாரோ சைக்கிள் துடைக்கிறார்கள்.

சளப்.

சளப்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாதது இருக்கிறதே — என் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. சுயநினைவு வந்தபோது அண்ணன் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பல் தடத்தைப் பார்த்து, முதல் நல்ல விமர்சனம் என்றான்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டு என்றேன். அவர் உட்கார்ந்து கேட்கமாட்டார் என்றான்.

உட்கார வேண்டாமே. அவர் சவரம் செய்வது நின்றுகொண்டுதானே?

மார்ச் 10, திங்கள்

குளியலறை வாளிக்குப் பின்னால் குட்டி ஸ்பீக்கர். வெளியே நான், அண்ணனின் சத்தம் ஏற்றிய என் போன், என் கட்டைவிரல். அப்பா தாழ் போட்டார். குழாய்ச் சத்தம் நின்றது.

சளப்.

"யாரு?"

சளப்.

"யாருன்னு கேக்கறேன்ல?" குரல் இளைத்துப்போயிருந்தது.

அப்புறம் அந்த ஒன்றுமே இல்லாதது.

கதவு படாரென்று திறந்தது. அப்பாவுக்குப் பாதி முகம் நுரையில் வெள்ளை, மீதி முகம் பயத்தில் வெள்ளை. எனக்குச் சிரிப்பில் விக்கல். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "இது என் செருப்புச் சத்தமாச்சே" என்றாள்.

அப்பா ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"இது நீ பண்ணதா?"

"ஆமாப்பா."

"அப்ப படத்துல ஏன் கேக்கல?"

அண்ணன் செருப்பு, ஈரத்துண்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் சொன்னான். அப்பா உள்ளே போய் மீதிச் சவரத்தை முடித்தார். தாழ் போடவில்லை.

அண்ணன் கடைக்குப் போனான். எனக்கு ஒரு வாரம் போன் கிடையாது. இதைவிடச் சந்தோஷமாக யாரும் போனைப் பறிகொடுத்திருக்கமாட்டார்கள்.

மார்ச் 11

விக்கல் இன்னும் நிற்கவில்லை. நுரை ஞாபகம் வரும்போதெல்லாம் வருகிறது.

மார்ச் 12, புதன்

அம்மாவுக்குப் புதுச் செருப்பு வந்திருக்கிறது. அப்பாதான் வாங்கி வந்தார். பழையதைத் தூக்கிப் போடவில்லை. துண்டை நனைத்துப் பிழிந்து, அதில் செருப்பைச் சுற்றி, அண்ணன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் இன்று கடைக்குப் போகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.