தாத்தாவைக் காட்டாமல் ஊட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், என் முட்டிவலி என்னைவிட சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் குட்டித் துரையும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குக் காகிதம் வாங்கினான் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் உடனே ஜோக் அடித்து விஷயத்தைக் கெடுத்துவிடுவேன், அதனால்தான்.

பயல் ஓடியாடுவதில்லை, எடை கூடுகிறது, சாப்பிடும்போது போன் கூடாது, சாயங்காலம் பூங்காவில் ஓடவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார் என்றாய். நாங்க ரெடிப்பா, அடுத்த வாரத்துலேர்ந்து என்றும் சொன்னாய். அந்த அடுத்த வாரம் வந்து வந்து போகிறது. உங்களுக்குச் சோம்பேறித்தனம் என்று நான் இங்கே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டு, நாங்க தயார்தான் மாமா, போனை நிறுத்திட்டா நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் அவ தள்ளிப்போடுறா என்று போட்டு உடைத்துவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அடி அசடே, அந்தப் போனில் ஓடுகிற படமே நான்தானே. உங்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் இங்கே மத்தியானம். சலூனில் கத்தியை வைத்துவிட்டு நுரையில் மீசை ஒட்டிக் குரங்குச் சேட்டை செய்கிறேன், அவன் வாயைப் பிளக்கிறான், நீ கரண்டியைத் திணிக்கிறாய். வயிறு நிறைந்ததா என்று அவனுக்கே தெரியாது. போன வாரம் ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்த வாத்தியார், ஏம்ப்பா, உன் பேரன் முழுங்கிட்டானா, இல்ல நான் இப்படியே கிளாஸுக்குப் போகட்டா என்றார். கடையே சிரித்தது.

அம்மா போனதிலிருந்து நானும் அந்த நேரத்தில்தான் டப்பாவைத் திறக்கிறேன். அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். நீங்கள் வெளியே போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மூடிய டப்பாவை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆக, போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிற பிள்ளை உனக்கு இரண்டு. மூத்ததுக்குப் பாவம் பார்த்துச் சின்னதைக் கெடுக்காதே.

திங்கட்கிழமையே ஆரம்பி. கத்துவான், தட்டைத் தள்ளுவான், ஒரு வேளை குறைவாகத் தின்றால் தேய்ந்துவிட மாட்டான். பூங்காவில் பெஞ்சைத் தேய்க்காமல் நீங்களும் அவனோடு ஓடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அவன் விழித்திருந்தால் என்னிடம் காட்டு, தூங்கிவிட்டால் தூங்கட்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். மாப்பிள்ளை தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியை அங்கே யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், வரும்போது நான் வெட்டுகிறேன்.

மறந்துவிடாதே, சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிடாதே. ஒருவேளை நானே கூப்பிட்டால், எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா