யாபோய் மத்தி எங்கே போகிறது?

ஜோவால் கடற்கரையிலிருந்து

அன்பு மகன் ஜெகானுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பு அமைதியாக இருக்கிறதா, தூக்கம் அமைதியாக இருக்கிறதா? இங்கே எல்லோரும் அமைதி என்றுதான் சொல்கிறார்கள், எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

நோன்பு முடிந்ததிலிருந்து என் புகையடுப்பில் நெருப்பு மூட்டவில்லை. மீனுக்குப் புகை போட வாங்கி வைத்த கடலைத் தோல் அப்படியே கிடக்கிறது, மாலி நாட்டுக்குக் கருவாடு ஏற்றும் வியாபாரிகள் வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மத்தியே வரவில்லையாம். உன் சித்தப்பா லாத்தீரைக் கேட்டால், "கடல் சூடாயிடுச்சு அண்ணி, மீனெல்லாம் வடக்க மொராக்கோ பக்கம் ஏறிடுச்சு, நான் என்ன கயிறு கட்டியா இழுக்க முடியும்" என்று வானொலிக்காரர் மாதிரி பேசுகிறார். மத்தி குளிர் தண்ணீரோடு தெற்கே இறங்கும், சூடானால் வடக்கே ஏறும், இது எனக்குத் தெரியாதா? ஆனால் ஏறிப்போன மீன் இவர் படகில் செதிலை உதிர்த்துவிட்டா போகும்? தன் சட்டையைக் கூடத் துவைக்காத மனிதர் படகின் அடிப்பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், பார்த்துக்கொள். மற்றப் பெண்களிடம் சொன்னால் "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் திபோர்" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் என்று, கடலை விற்பவள் போல் தலையில் கூடையை வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே மீனை அரைத்து மாவாக்கும் அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். லாத்தீரின் ஆட்கள் லாரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். எல்லாம் யாபோய், கொழுத்த யாபோய், கூடவே விரல் நீளக் குஞ்சும். ஊர் தின்னும் மீனடா அது. லாத்தீர் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க பெருசைப் பொறுக்குவீங்க அண்ணி, இந்த ஆலைக்காரன் குஞ்சைக்கூட வேணாங்கல" என்றார், முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. இந்த மாவை யார் தின்பது என்று காவல்காரனைக் கேட்டேன். "கப்பல்ல போகுதும்மா, வெள்ளைக்காரன் கடல்ல கூண்டு கட்டி மீன் வளக்கிறான்ல, அதுக்குத் தீனி" என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பெயினில் கடல் கூண்டில் மீன் வளர்க்கிற வேலை என்று பேசும்போதெல்லாம் பெருமையாகச் சொல்கிறாயே, அந்த மீனுக்கு எதைப் போடுகிறாய் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனைவியும் தரட்டும். தொழுகையை விடாதே, குளிரில் காதை மூடிக்கொள். நாளைக்கு வேலைக்குப் போனதும் தீனிச் சாக்கில் கையை விட்டு முகர்ந்து பார். என்ன மீன் என்று உனக்குத் தெரியும், மறைக்காமல் எழுது. லாத்தீரோடு சண்டை போட எனக்கு வாய் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் தெரியும்.

உன் அம்மா,
திபோர்